பழைய கார் ஸ்டீரியோவில் மியூசிக் பிளேயரை இணைக்க ஒரு வழிகாட்டி

காருக்கு வயதாகியிருக்கும், ஆனால் அதிலுள்ள ஸ்டீரியோவும் ஸ்பீக்கர்களும் இன்னும் நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும். கையில் ஒரு ஐபாடோ, சின்ன எம்பி3 பிளேயரோ, சிம் இல்லாமல் பாட்டுக்கென்றே வைத்திருக்கும் பழைய போனோ இருக்கும். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று தெரியாமல் பலர் ஸ்டீரியோவையே கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. கேசட் காலத்து ஸ்டீரியோ ஆனாலும் சரி, சிடி மட்டும் போடுகிற ஸ்டீரியோ ஆனாலும் சரி, ஏதோ ஒரு வழியில் பாட்டை உள்ளே அனுப்பிவிடலாம்.

எந்த வழி என்பதைத் தீர்மானிப்பது ஸ்டீரியோதான். பிளேயர் எதுவானாலும் பெரிய வித்தியாசம் இல்லை. புதியவர்கள் பெரும்பாலும் எந்தக் காருக்கும் பொருந்தும் என்பதற்காக, பாட்டைக் காரின் ரேடியோவுக்கு ஒலிபரப்பும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டரை வாங்கிவிடுகிறார்கள். பொருந்துவது உண்மைதான், ஆனால் ஒலித்தரத்தில் கடைசி இடம் அதற்கு. உங்கள் ஸ்டீரியோவிலேயே அதைவிட நல்ல வழி ஒன்று கண்ணில் படாமல் இருக்கலாம். ஆகவே எதையும் வாங்கும் முன் காரில் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தேடிப் பாருங்கள்.

ஸ்டீரியோவில் என்ன இருக்கிறது?

முதலில் தேட வேண்டியது 3.5 மி.மீ. துளை. ஹெட்போன் செருகும் அதே அளவுத் துளை இது. பக்கத்தில் ஆக்ஸ் அல்லது லைன் இன் என்று எழுதியிருக்கும்; வெளிக் கருவியின் பாட்டை உள்ளே வாங்கும் வழி என்று பொருள். ஸ்டீரியோவின் முகப்பில் காணவில்லை என்றால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். டேஷ்போர்டின் சின்ன அறைக்குள், இரண்டு சீட்டுகளுக்கு நடுவே கை வைக்கும் பெட்டிக்குள், ஆஷ்ட்ரே இருக்கும் பகுதியில் என்று ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வோர் இடத்தில் வைத்திருக்கிறார்கள். ரப்பர் மூடி போட்டு மறைத்ததும் உண்டு.

அடுத்து, சோர்ஸ் அல்லது மோட் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பாருங்கள். ரேடியோ, டேப், சிடி என்று திரையில் மாறி மாறி வரும். அந்த வரிசையில் ஆக்ஸ் என்ற எழுத்து வந்து, துளை மட்டும் எங்கும் தென்படவில்லை என்றால், இணைப்பு ஸ்டீரியோவின் முதுகில் இருக்க வாய்ப்பு அதிகம். சில மாடல்களில் ஆக்ஸ் வசதியை மெனுவுக்குள் போய் இயக்கினால்தான் அது வரிசையில் வரும். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு அதன் கையேட்டை ஒருமுறை படிப்பது இங்கே ரொம்பவே உதவும்.

சிடி சேஞ்சருக்கான பட்டன் இருக்கிறதா என்றும் பாருங்கள். டிக்கியில் ஆறு சிடி போடும் பெட்டி ஒன்றை வைத்து முன்னாலிருந்து இயக்கும் வசதி அது. பெட்டி இப்போது இல்லாவிட்டாலும் அதற்கான சாக்கெட் ஸ்டீரியோவின் பின்னால் இருக்கும். நமக்கு அது போதும். கேசட் வாய் இருந்தால் பழைய கேசட் ஒன்றைப் போட்டு ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். இவை எதுவுமே இல்லை, ரேடியோ மட்டும்தான் என்றால் அப்போதுதான் எஃப்எம் வழி.

பிளேயர் பக்கம் பார்க்க வேண்டியது குறைவு. ஹெட்போன் துளை இருந்தால் வேலை முடிந்தது. துளை இல்லாத போன்களுக்கு, சார்ஜ் செய்யும் துளையில் செருகி ஹெட்போன் துளையாக மாற்றித் தரும் குட்டை கேபிள் ஒன்று வேண்டும். ஐபோன்களில் 2016இல் வந்த 7ஆம் மாடலிலிருந்து இந்த நிலை. பழைய ஐபாடுகளில் அடியில் 30 பின் கொண்ட அகலமான துளை உண்டு. அதிலிருந்து லைன் அவுட் எடுக்கும் கேபிள் கிடைத்தால் ஹெட்போன் துளையைவிட அதையே பயன்படுத்துங்கள். பிளேயரின் வால்யூமுக்குக் கட்டுப்படாமல் ஒரே சீரான அளவில் ஒலி வெளியே வரும்; இரைச்சலும் குறைவு.

ஆக்ஸ் துளை இருந்தால்

இதுதான் எளிய வழி. இரண்டு முனையிலும் 3.5 மி.மீ. பின் உள்ள ஸ்டீரியோ கேபிள் ஒன்று வாங்குங்கள். பின்னை உற்றுப் பார்த்தால் கறுப்பு வளையங்கள் தெரியும். இரண்டு வளையம் உள்ளதுதான் நமக்கு வேண்டியது. மூன்று வளையம் இருந்தால் அது மைக் உள்ள ஹெட்செட்டுக்கானது. பெரும்பாலும் அதுவும் பாடும் என்றாலும், சில துளைகளில் பொருந்தாமல் குரல் மங்கிக் கேட்கும். நீளம் ஒரு மீட்டர் போதும். நீளமான கேபிள் கியர் பக்கம் சுருண்டு தொல்லை தரும். கவர் போட்ட போன் என்றால் பின்னின் அடிப்பாகம் மெலிதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் முழுதாக உள்ளே போகாது. ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பாடுவதற்கு முக்கால்வாசி நேரம் இதுதான் காரணம். விலை உயர்ந்த தங்க முலாம் கேபிளால் காருக்குள் காதுக்குத் தெரியும் வித்தியாசம் எதுவும் வராது. உறுதியான, நன்றாகப் பொருந்தும் கேபிள் எதுவும் போதும்.

ஸ்டீரியோவின் வால்யூமை அடியோடு குறைத்துவிட்டுப் பின்னைச் செருகுங்கள். இல்லையென்றால் டப்பென்று ஸ்பீக்கரை அடிக்கும். பிறகு ஆக்ஸுக்கு மாற்றி, பாட்டை ஓடவிடுங்கள்.

வால்யூமை எப்படி வைப்பது?

கேபிளைவிட முக்கியமான விஷயம் இது. ஒலி இரண்டு இடங்களில் பெருக்கப்படுகிறது: பிளேயரில் ஒருமுறை, ஸ்டீரியோவில் ஒருமுறை. பிளேயரைக் குறைவாக வைத்து ஸ்டீரியோவை ஏற்றினால், பாட்டோடு சேர்த்து வயரில் வரும் இரைச்சலையும் ஸ்டீரியோ பெருக்கிவிடும். பிளேயரை முழுதாகத் திறந்துவிட்டால் சில பிளேயர்களில் உரத்த இடங்கள் உடைந்து கரகரக்கும். நடுவில் ஒரு நல்ல இடம் இருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க, உங்களிடம் உள்ள பாட்டுகளில் மிகவும் உரத்த ஒன்றைப் போடுங்கள். பிளேயரை முக்கால் அளவுக்கு வையுங்கள். ஸ்டீரியோவை நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு ஏற்றுங்கள். இனி பிளேயரின் வால்யூமை மட்டும் மெல்ல ஏற்றிக்கொண்டே போங்கள். குரலும் தாளமும் கலங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து இரண்டு படி இறக்குங்கள். பிளேயர் இனி அங்கேயே இருக்கட்டும். ஏற்றுவது இறக்குவது எல்லாம் ஸ்டீரியோவில்தான்.

முழுதாக ஏற்றியும் ஒலி போதவில்லையா? பல பிளேயர்களின் அமைப்புகளில் காதைப் பாதுகாக்க ஒலி வரம்பு ஒன்று வைத்திருப்பார்கள். ஹெட்போனுக்கு அது நல்லது, காருக்கு அதை நீக்க வேண்டும். மறுபடி ஹெட்போன் மாட்டும் முன் மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள். பிளேயரில் பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் ஏதாவது இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். பேஸும் டிரெபிளும் ஸ்டீரியோவிலேயே கூட்டிக் குறைப்பதுதான் சுத்தமான வழி. ஒரே வேலையை இரண்டு இடத்தில் செய்தால் ஒலி சீக்கிரம் உடையும்.

ரேடியோவுக்கு மாற்றும் முன் வால்யூமைக் குறைக்கப் பழகுங்கள். ரேடியோ பொதுவாக ஆக்ஸைவிட உரக்க ஒலிக்கும். வண்டி ஓட்டும்போது திடீரென்று அப்படி அலறினால் கவனம் சிதறும்.

கேசட் அடாப்டர்

கேசட் ஸ்டீரியோ வைத்திருப்பவர்கள் உண்மையில் அதிர்ஷ்டசாலிகள். ஆக்ஸ் துளை இல்லாத ஆரம்பகால சிடி ஸ்டீரியோவை விட இதில் வேலை சுலபம். அடாப்டர் என்பது கேசட் வடிவில் இருக்கும் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு வயர் வெளியே வந்து பிளேயரில் செருகிக்கொள்ளும். உள்ளே நாடா கிடையாது. நாடா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் காந்த ஹெட் இருக்கிறது. பிளேயரிலிருந்து வரும் மின்குறிப்பு அந்த ஹெட்டில் ஏறி இறங்கும் காந்தப்புலமாக மாறும். அதற்கு எதிரே ஒட்டி நிற்கும் ஸ்டீரியோவின் ஹெட், நாடா ஓடுவதாகவே எண்ணி அதைப் படித்துவிடும். கேசட் என்ற வடிவமே 1963இல் ஃபிலிப்ஸ் வெளியிட்டதிலிருந்து மாறவில்லை என்பதால், எந்தக் கம்பெனி அடாப்டரும் எந்த ஸ்டீரியோவிலும் நுழையும்.

போடும் முன் ஸ்டீரியோவின் ஹெட்டைத் துடையுங்கள். பல வருஷத்து நாடாத் தூள் அதில் படிந்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால், வண்டியும் ஸ்டீரியோவும் அணைந்திருக்கும்போது, மெதுவாகத் துடைக்க வேண்டும். பழுப்பு நிறம் ஒட்டி வருவது நின்றதும் போதும், ஐந்து நிமிடம் காயவிடுங்கள்.

இப்போது அடாப்டரைச் செருகுங்கள். எந்தப் பக்கம் முதலில் என்பது ஸ்டீரியோவைப் பொறுத்தது. அகலமாகப் போகிறதா, நீளவாக்கில் போகிறதா என்று பழைய கேசட்டைப் போட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். வயர் வாய்ப்பக்கம் வெளியே வர வேண்டும், மூடியில் நசுங்கக் கூடாது. பல அடாப்டர்களில் வயரை இரண்டு மூன்று இடங்களில் மாற்றிச் சொருக வெட்டு விட்டிருப்பார்கள்.

பாட்டு வருகிறது, ஆனால் கம்பளியைப் போர்த்தினாற்போல் மங்கலாக இருக்கிறதா? முதலில் டால்பி பட்டனைப் பாருங்கள். அது கேசட்டில் பதியும்போது கூட்டிய மெல்லிய உச்சஸ்தாயி ஒலிகளைத் திரும்பக் குறைக்கும் வசதி. உங்கள் பாட்டில் யாரும் எதையும் கூட்டவில்லை, ஆகவே டால்பி போட்டிருந்தால் இருக்கிற உச்சமும் போய்விடும். அணைத்துவிடுங்கள். அடுத்து மெட்டல் என்று ஒரு பட்டன் இருந்தால் அதைப் போட்டும் அணைத்தும் கேட்டு, எது பிடிக்கிறதோ அப்படி விடுங்கள். அது போட்டிருக்கும்போது உச்ச ஒலி சற்று அடங்கும். இரண்டும் சரியாக இருந்தும் மங்கல் என்றால் ஹெட்டுகள் நேர்கோட்டில் ஒட்டவில்லை. அடாப்டரை வெளியே எடுத்து மறுபடி போடுங்கள். உள்ளே இருக்கும்போது ஒரு மில்லிமீட்டர் அசைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

இன்னொரு பொதுவான தொல்லை, சில நொடிகளில் ஸ்டீரியோ அடாப்டரைத் துப்பிவிடுவது, அல்லது இங்கும் அங்குமாகப் பக்கம் மாறிக்கொண்டே இருப்பது. ஆட்டோ ரிவர்ஸ் (தானாகவே மறுபக்கத்துக்கு மாறும் வசதி) உள்ள ஸ்டீரியோ, நாடாச் சக்கரம் சுழல்கிறதா என்று கவனித்துக்கொண்டே இருக்கும். சுழலவில்லை என்றால் நாடா முடிந்துவிட்டது என்று முடிவு செய்துவிடும். அதை ஏமாற்றத்தான் அடாப்டருக்குள் சின்னப் பற்சக்கரங்கள் இருக்கின்றன. அவை இறுகியிருந்தால் பேனா முனையால் நாலு சுற்றுச் சுற்றித் தளர்த்துங்கள். சரியாகவில்லை என்றால் வேறு கம்பெனி அடாப்டரை முயலுங்கள். இந்த விஷயத்தில் ஒன்றுக்கொன்று நிறைய வித்தியாசம் இருக்கும். பக்கம் மாறியதும் பாட்டு நின்றால், திசை பட்டனை அழுத்தி மறுபக்கத்துக்கு வாருங்கள். பின்னணியில் கேட்கும் மெல்லிய கடகட ஒலி அந்தப் பற்சக்கரங்களுடையது, வண்டி ஓடும்போது கேட்காது.

பின்பக்க இணைப்பு

இதற்கு ஸ்டீரியோவை வெளியே இழுக்க வேண்டும். முதலில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்த பல ஸ்டீரியோக்களுக்குத் திருட்டுத் தடுப்புக் குறியீடு உண்டு. மின்சாரம் ஒருமுறை துண்டிக்கப்பட்டால் அந்த எண்ணைக் கேட்கும், தவறான எண்ணைப் பலமுறை போட்டால் பூட்டிக்கொள்ளும். அந்த எண் கைக்கு வராமல் எதையும் கழற்றாதீர்கள். கையேட்டில் செருகிய அட்டையில் அது எழுதியிருப்பது வழக்கம்.

எண் இருக்கிறது என்றால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஸ்டீரியோவின் முகம் 180 மி.மீ. அகலமும் 50 மி.மீ. உயரமும் இருந்தால் அது ஒற்றை டின் என்ற பொது அளவு. முகப்பின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சின்ன ஓட்டைகள் தெரிந்தால், அதற்கான கம்பிச் சாவிகளை நுழைத்து வெளிப்பக்கமாக அழுத்தியபடி நேராக இழுக்க வேண்டும். ஓட்டை இல்லாதவற்றுக்குச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தைக் கழற்றினால் திருகுகள் தெரியும். வயர்களைப் பிடுங்கும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு வட்டத் துளைகள் இருந்து, ஆக்ஸ் இன் என்று எழுதியிருந்தால் அதிர்ஷ்டம்தான். சிவப்பு வலது, வெள்ளை இடது. ஒரு முனையில் 3.5 மி.மீ. பின்னும் மறுமுனையில் இந்த இரட்டைப் பின்னும் உள்ள கேபிளை மாட்டி, வயரை டேஷ்போர்டு வழியே வெளியே கொண்டுவந்தால் முடிந்தது. அவுட் என்று எழுதிய துளைகளில் மாட்டிவிடாதீர்கள், அவை வெளி ஆம்ப்ளிஃபையருக்கானவை. சேஞ்சர் சாக்கெட் மட்டும் இருந்தால் உங்கள் மாடலுக்கென்றே செய்த அடாப்டர் வேண்டும். சேஞ்சர் இருக்கிறது என்ற சமிக்ஞை வந்தால்தான் பல ஸ்டீரியோக்கள் அந்த வழியைத் திறக்கும், வெறும் வயரை மாட்டினால் திறக்காது.

ஸ்பீக்கருக்குப் போகும் வயர்களோடு பிளேயரை ஒருபோதும் இணைக்காதீர்கள். பெரும்பாலான கார் ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கரின் இரண்டு வயர்களிலுமே மின்னழுத்தம் இருக்கும், ஒன்றுகூட எர்த் கிடையாது. பிளேயரும் போகும், ஸ்டீரியோவும் போகும்.

எஃப்எம் டிரான்ஸ்மிட்டர்

இது ஒரு குட்டி வானொலி நிலையம். பிளேயரின் பாட்டை ஓர் அலைவரிசையில் ஒலிபரப்பும், காரின் ரேடியோவில் அதே எண்ணை வைத்துக் கேட்க வேண்டும். உலகின் பெரும்பாலான இடங்களில் எஃப்எம் 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. ஜப்பானிலிருந்து இறக்குமதியான கார்களின் ரேடியோ 76இல் தொடங்கிப் பாதி வழியிலேயே நின்றுவிடும், எனவே டிரான்ஸ்மிட்டருக்கும் அந்த ரேடியோவுக்கும் பொதுவான எண்ணைத் தேட வேண்டியிருக்கும்.

காலியான எண்ணைத் தேடுவதுதான் இதில் உள்ள வேலை எல்லாம். நிலையம் இல்லாத இடத்தில் சீரான உஸ் ஒலி மட்டும் கேட்கும். இரண்டு பக்கமும் அடுத்தடுத்த எண்களும் காலியாக இருந்தால் இன்னும் நல்லது. அலைவரிசையின் இரண்டு கோடிகளில் முதலில் தேடிப் பாருங்கள். கிடைத்ததை ரேடியோவின் ஒரு பட்டனில் பதித்துக்கொள்ளுங்கள். நெடுந்தூரப் பயணத்தில் ஊர் மாற மாற அந்த எண்ணில் வேறு நிலையம் வந்து குறுக்கிடும், ஆகவே இரண்டு மூன்று எண்களைத் தயாராக வைத்திருப்பது நல்லது. டிரான்ஸ்மிட்டரை ஆண்டெனாவுக்கு அருகில் நகர்த்தினாலே பலருக்குக் கரகரப்பு குறையும். எஃப்எம் ஒலிபரப்பு 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலியைக் கொண்டு போகாது என்பதால், சிடி போன்ற தெளிவை எதிர்பார்க்க வேண்டாம். இவற்றின் வலிமைக்கு நாட்டுக்கு நாடு சட்ட வரம்பு உண்டு, பிரிட்டனில் 2006 வரை இவை அனுமதிக்கப்படவே இல்லை.

ரேடியோ மட்டும்தான் கதி என்றாலும் கொஞ்சம் வேலை செய்யத் தயார் என்றால், வயரோடு இணையும் எஃப்எம் மாடுலேட்டரை வாங்குங்கள். ஸ்டீரியோவின் பின்னால் ஆண்டெனா வயரைக் கழற்றி, அதற்கும் ஸ்டீரியோவுக்கும் நடுவே இதைச் செருக வேண்டும். பாட்டு காற்றில் போகாமல் வயரிலேயே போவதால் குறுக்கீடு வெகுவாகக் குறையும். நிரந்தரமாகப் பயன்படுத்துவதென்றால் இதற்காக ஒரு மதியம் செலவிடுவது தகும்.

யூஎஸ்பியும் புளூடூத்தும்

முகப்பில் யூஎஸ்பி துளை இருந்தால் பிளேயரே வேண்டாம். பென் டிரைவில் எம்பி3 பாட்டுகளை ஏற்றிச் செருகிவிடலாம். படிக்க மறுத்தால் அதை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். பழைய ஸ்டீரியோக்களுக்கு வேறு முறை பெரும்பாலும் புரியாது.

பிளேயரில் புளூடூத் இருந்தால், ஆக்ஸ் துளையில் செருகும் சின்ன ரிசீவரோ புளூடூத் கேசட்டோ கேபிளை மிச்சப்படுத்தும். ஆனால் இவற்றுக்கும் சார்ஜ் வேண்டும்.

உய்ங் என்ற சத்தம்

சார்ஜ் என்றதும் வரும் பிரச்சினை இது. பாட்டுக்குப் பின்னால் ஊளை போல ஒரு சத்தம் கேட்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதுவும் உயரும். பிளேயர் சிகரெட் லைட்டர் சாக்கெட் வழியாகக் காரின் எர்த்தைத் தொடுகிறது. பாட்டு கேபிள் வழியாகவும் தொடுகிறது. இரண்டு வழியும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிடுவதால், ஆல்டர்னேட்டரின் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் கருவி) மின் இரைச்சல் அதில் ஏறிப் பாட்டோடு கலந்துவிடுகிறது.

சோதிப்பது எளிது. சார்ஜரைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் காரணம் இந்த வளையம்தான். பிளேயரை வீட்டிலேயே சார்ஜ் செய்துவிட்டுக் காரில் பேட்டரியில் ஓட்டுவதுதான் செலவில்லாத தீர்வு. சார்ஜரோடுதான் ஓட்ட வேண்டும் என்றால், பாட்டு கேபிளின் நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்னப் பெட்டியைச் செருகுங்கள். அதற்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் மின்தொடர்பைத் துண்டித்துவிட்டு ஒலியை மட்டும் கடத்தும். மிக மலிவானவை பேஸைக் கொஞ்சம் விழுங்கிவிடும், எனவே தேவைப்பட்டால் மட்டும் மாட்டுங்கள். சார்ஜரைப் பிடுங்கியும் சத்தம் நிற்கவில்லை என்றால் கோளாறு ஸ்டீரியோவின் சொந்த எர்த் வயரில் இருக்கலாம். அதை ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

எங்கே வைப்பது?

பிளேயர் நழுவாத இடத்தில் இருக்கட்டும், வயர் கியரிலோ ஸ்டீயரிங்கிலோ பெடல் பக்கமோ தொங்கக் கூடாது. பாட்டு வரிசையைக் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள். வண்டி ஓடும்போது சின்னத் திரையில் பாட்டைத் தேடுவது உயிருக்கு ஆபத்து. மாற்றத் தோன்றினால் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள் அல்லது ஓரம் கட்டுங்கள். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கெடும், ஆகவே இறங்கும்போது பிளேயரைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். கேசட் அடாப்டரையும் வெளியே தள்ளிவிட்டே இறங்குங்கள். பழைய டெக்குகளில் அது உள்ளேயே கிடந்தால், நாடாவை அழுத்தும் ரப்பர் உருளை நாளடைவில் ஒரே இடத்தில் தட்டையாகிவிடும்.